கடற்கரை ஊரில் பழைய வெடிகுண்டு கிடைத்தால்: வீடுகளைக் காலி செய்வது எப்படி?

2018 ஜூன் மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் கழிவறைத் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, இலங்கைப் போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட தோட்டாக்களும் வெடிபொருள்களும் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திரிகோணமலையிலும் குண்டு வீசின. இரண்டு போர்களையும் பக்கத்திலிருந்து பார்த்த கடல் இது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரிலும், குழி வெட்டும்போதோ வலை இழுக்கும்போதோ, துருப்பிடித்த ஓர் இரும்பு உருளை ஒருநாள் கையில் தட்டுப்படலாம்.

புயல் காலங்களில் கரையோர மக்களை முகாம்களுக்கு அழைத்துச் செல்லும் பணியில் தன்னார்வலராக இருந்து வருகிறேன். வெடிகுண்டுக்காக ஓர் ஊரைக் காலி செய்வது புயலுக்காகக் காலி செய்வதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைப் புதிதாக இந்தப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கு விளக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உத்தரவு போடுவது மாவட்ட நிர்வாகம். குண்டைத் தொடுவது வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினரும் ராணுவ, கடற்படை நிபுணர்களும் மட்டுமே. வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியே கொண்டுவரும் வேலைதான் நம்முடையது. அந்த வேலை முழுமையாக முடியாமல் அவர்களுடைய வேலை தொடங்காது.

முதல் படி: கண்டவுடன் செய்ய வேண்டியது

தொடாதீர்கள், புரட்டாதீர்கள், மண்ணைத் தட்டிவிடாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்காதீர்கள். எந்த வழியாகப் போனீர்களோ அதே வழியாகத் திரும்பி வாருங்கள். அடையாளத்துக்காகப் பக்கத்தில் கம்பு ஊன்றக் கூடாது. தள்ளி நின்று, ஒரு பனைமரத்தையோ மின்கம்பத்தையோ மனத்தில் குறித்துக்கொண்டால் போதும். நன்றாக விலகி வந்த பிறகு 112 என்ற எண்ணில் காவல்துறைக்கோ, 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்லுங்கள். கடலிலோ கரையோரத் தண்ணீரிலோ கண்டால் கடலோரக் காவல்படையின் 1554 உண்டு. வலையில் சிக்கியதைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து காட்டுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெரிய தவறு. ஏனென்றால் தண்ணீருக்குள் ஆளில்லாத இடத்தில் கிடந்த ஆபத்தை, மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு அது கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இரண்டாம் படி: ஏன் இத்தனை பேரை அப்புறப்படுத்த வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வது

"எழுபது எண்பது வருஷமாக வெடிக்காதது இன்றைக்கா வெடிக்கப்போகிறது?" என்ற கேள்வியை ஒவ்வொரு வாசலிலும் கேட்பீர்கள். பதில் தெரியாமல் போய் நிற்காதீர்கள்.

குண்டின் இரும்பு உடல் துருப்பிடித்தாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து பல பத்தாண்டுகள் வீரியத்தோடு இருக்கும். அதைப் பற்றவைக்கும் ப்யூஸ் என்ற பொறிதான் காலம் போகப் போக நம்ப முடியாததாகிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்து சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து வெடிக்கும்படி ஒருவகை ப்யூஸ் செய்தார்கள். குண்டு விழும்போது உள்ளிருக்கும் அசிட்டோன் குப்பி உடையும். அந்தத் திரவம் ஒரு செல்லுலாய்டு வட்டை மெல்லக் கரைக்கும். வட்டு கரைந்ததும் அது தடுத்து வைத்திருந்த ஊசி பாயும். குண்டு மூக்கு மேல்நோக்கியபடி புதைந்து திரவம் வட்டைத் தொடாமல் போனால் அது வெடிக்காமல் கிடக்கும். ஆனால் வட்டு ஆண்டுகள் போகப் போகத் தானாகவே நைந்துகொண்டிருக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 2010 ஜூன் 1 அன்று இத்தகைய ஒரு குண்டு, செயலிழப்புப் பணியைத் தொடங்குவதற்கு முன்பே வெடித்து 3 நிபுணர்கள் இறந்தார்கள். போர் முடிந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலில் நின்று கேள்வி கேட்பவரிடம் இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வட்டம் போடுதல்

எத்தனை மீட்டர் ஆரத்துக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது என்பதைக் குண்டின் எடையையும் வகையையும் பார்த்து நிபுணர்களே சொல்வார்கள். நம் வேலை, அந்த வட்டத்துக்குள் எந்தத் தெரு, எந்த வீடு வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. இதில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 500 மீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 194 ஏக்கர். 1 கிலோமீட்டர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, 776 ஏக்கர். கடைசி நேரத்தில் "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்" என்று நிபுணர்கள் சொன்னால், எத்தனை வீடு கூடும் என்பது உடனே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பெரிய வட்டத்துக்கும் பட்டியல் எடுத்து வைப்பது நல்லது.

எல்லை, தெருவின் நடுவில் ஓடக் கூடாது. ஒரு பக்கத்து வீட்டார் வெளியேற, எதிர்வீட்டார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் நகரமாட்டார்கள். கண்மாய்க்கரை, தார்ச்சாலை, ரயில்பாதை போன்று எல்லோருக்கும் தெரிந்த கோட்டில் எல்லையைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

புயலுக்கும் குண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் வருகிறது. புயல் என்றால் ஊரிலேயே உறுதியான கட்டடத்துக்குள் போகச் சொல்வோம். குண்டு என்றால் வட்டத்துக்குள் இருக்கும் புயல் பாதுகாப்பு மையம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதையும் காலி செய்தாக வேண்டும். நம் மக்களுக்கு மையத்துக்குப் போய்ப் பழக்கம் என்பதால், அறிவிப்பைப் பாதி கேட்டுவிட்டு வட்டத்தின் நடுவிலேயே போய்க் கூடிவிடுவார்கள். அந்த மையத்தின் கதவை முதலிலேயே பூட்டி, வாசலில் ஒருவரை நிறுத்தி, வருகிறவர்களை வெளியே திருப்பி அனுப்புங்கள்.

வட்டத்துக்குள் ஐஸ் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குளிரூட்ட அம்மோனியா வாயு இருக்கும். டீசல் பேரல்கள், எரிவாயு சிலிண்டர் கிடங்கு ஆகியவற்றையும் எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள். ராமேசுவரம் தீவு என்றால் இன்னொரு சிக்கல்: பாம்பன் பாலத்தின் கரை வட்டத்துக்குள் வந்துவிட்டால், சாலையும் ரயிலும் ஒரே நேரத்தில் நின்று, தீவில் இருப்பவர் யாரும் மண்டபம் பக்கம் வர முடியாது. அப்போது மக்களைத் தீவுக்குள்ளேயே வேறு பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

நான்காம் படி: வீட்டுப் பட்டியல்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். வாக்காளர் பட்டியல் போதாது. அதில் குழந்தைகள் இல்லை, பிழைப்புக்காக வந்து தங்கியிருப்பவர்கள் இல்லை. குடும்ப அட்டைக் கணக்கும் போதாது. அங்கன்வாடிப் பணியாளரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் உட்காரவைத்துக் கேட்டால், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், யாருக்கு டயாலிசிஸ், யாருக்குக் காது கேட்காது என்பது அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. இருப்பவர் எத்தனை, நடக்க முடியாதவர் எத்தனை, வண்டி தேவையா, ஆடு மாடு உண்டா, வெளியே வந்த நேரம் என்ன என்று ஐந்து கட்டங்கள் போதும்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 டிசம்பரில் புரெவி புயலின்போது ஒரு குடியிருப்பில் வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓர் ஓட்டு வீட்டின் முன்கதவில் பூட்டுத் தொங்கியது. காலி என்று நோட்டில் டிக் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, முகாமில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, "மாமாவை உள்ளே விட்டுப் பூட்டிட்டு வந்தேன், தம்பி. பிள்ளைகளை விட்டுட்டு மறுபடி வந்து கூட்டிப்போகலாம்னு நினைச்சேன். இப்ப வழியில தண்ணி நிக்குது" என்றார். பூட்டைத் திறந்தபோது அந்தப் பெரியவர் இருட்டில் கட்டிலின் ஓரத்தில், மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, வேட்டி மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார். யாரோ வெளியே பேசும் சத்தம் கேட்டதாகவும், குரல் கொடுத்ததாகவும், மழையில் கேட்கவில்லை போல என்றும் சொன்னார். வெளியே பேசிய அந்தக் குரல் என்னுடையது. அன்றிலிருந்து பூட்டிய வீட்டைக் காலி என்று நான் எழுதுவதில்லை. பூட்டியவர் யார், சாவி எங்கே, கடைசியாக வெளியே வந்தவர் யார் என்று ஒரு மனிதர் வாயால் சொன்ன பிறகே எழுதுகிறேன். நீங்களும் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்து, பக்கத்து வீட்டாரிடம் கேட்ட பின்பே கதவில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள்.

ஐந்தாம் படி: அறிவித்தல்

கோவில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் மைக், தேவாலய ஒலிபெருக்கி மூன்றும் ஒரே வாசகத்தை, ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குள், எந்த வழியாக, எந்த இடத்துக்கு என்ற நான்கு செய்திகளுக்கு மேல் அறிவிப்பில் வேண்டாம். பள்ளிகளே முகாமாக இருக்கும் என்பதால் அதிகாரிகள் விடுமுறை நாளையே விரும்புவார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையும், ஞாயிற்றுக்கிழமைப் பூசையும், நோன்புக் காலமும் பார்த்து நேரம் குறிக்கும்படி கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தடை உண்டு: "இன்றைக்குத் தண்ணி வர்ற நாள், தம்பி." பல நாள்களுக்கு ஒருமுறை வரும் குடிநீரை விட்டுவிட்டு எந்தத் தாயும் குடத்தோடு வரிசையிலிருந்து எழுந்து வரமாட்டார். தண்ணீர் விடும் நாளை முன்னோ பின்னோ மாற்றிக்கொடுக்க ஊராட்சியிடம் சொல்லி, அதையும் அறிவிப்போடு சேர்த்துச் சொன்னால் பாதி வீடுகள் வாக்குவாதமின்றிக் கிளம்பும்.

ஆறாம் படி: வெளியேற்றும் நாள்

நடக்க முடியாதவர்களை முதலில், இருட்டும் நெரிசலும் வருமுன்பே, அனுப்புங்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றில் நீர் வற்றியபோது 1.8 டன் குண்டு ஒன்று வெளியே தெரிந்தது. 2011 டிசம்பர் 4 அன்று 45,000 பேரை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். அந்த வட்டத்துக்குள் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், ஒரு சிறைச்சாலைகூட இருந்தன. அவை தாமாகக் கிளம்ப முடியாத இடங்கள். அவற்றைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஆதார், குடும்ப அட்டை, நகை, மருந்துச் சீட்டோடு மருந்து, குழந்தைக்குப் பால் ஆகியவற்றை எடுக்கவும், சிலிண்டரை மூடவும் நினைவூட்டுங்கள். ஆட்டை விட்டு வரமாட்டேன் என்பவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆட்டையும் சேர்த்தே கொண்டுபோகக் குட்டியானை வண்டி ஒன்று ஏற்பாடு செய்வது, அவரை விட்டுவிட்டு வருவதைவிட எளிது.

எவ்வளவு சொல்லியும் வர மறுப்பவர் இருப்பார். 2025 ஜூன் 4 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் 3 அமெரிக்கக் குண்டுகளுக்காக 20,500 பேர் வீடுகளை விட்டு வந்தபோது, ஒரே ஒருவர் வர மறுத்ததால் மொத்தப் பணியும் தாமதமானது. நிபுணர் குண்டுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் உயிருக்குத்தான் ஆபத்து என்பதை அந்த வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால், ஊர்ப் பெரியவரையும் காவலரையும் வரச்சொல்லி நீங்கள் விலகிவிட வேண்டும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஏழாம் படி: வட்டத்தின் கடல் பக்கம்

கரையோர ஊரில் வட்டத்தின் பாதி கடலில் விழும். அங்கே கதவும் இல்லை, பட்டியலும் இல்லை. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வெவ்வேறு நாள்களில் தொழிலுக்குப் போகிற வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்), முதல்நாள் மாலை போன படகு மறுநாள் விடியலில் எந்தத் தகவலும் தெரியாமல் நேராகக் குண்டு இருக்கும் கரைக்கு வந்து நிற்கும். மீன்வளத்துறை வழங்கும் அனுமதிச் சீட்டுகளையும் மீனவர் சங்கத்தின் கணக்கையும் ஒப்பிட்டு, வெளியே இருக்கும் படகுகளுக்கு வாக்கி டாக்கியில் சொல்லி வேறு இறங்குதுறைக்குத் திருப்ப வேண்டும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தீவுகளை ஒட்டி முழுகிப் பாசி எடுக்கும் பெண்கள் விடியுமுன்பே போய்விடுவார்கள். அவர்கள் வீட்டுக்கு முதல்நாள் இரவே ஆள் போக வேண்டும்; காலையில் போய்ப் பயனில்லை.

எட்டாம் படி: முகாமிலும், திரும்பும்போதும்

முகாம் வாசலில் பெயர் எழுதுகிறவர் பட்டியலின் நகலை வைத்திருக்க வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் ஒருமுறை வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகட்டும். எல்லா வரியிலும் வெளியே வந்த நேரம் நிரம்பிய பிறகே "காலி" என்று மேலே சொல்லுங்கள். ஒரு வரி காலியாக இருந்தாலும், எந்த வீடு என்று அப்படியே சொல்லுங்கள். அதன் பிறகு உங்களுக்கு வேலை, காத்திருப்பதும் வதந்தியை மறுப்பதும்தான். ப்யூஸைக் கழற்ற முடியாவிட்டால் நிபுணர்கள் அந்த இடத்திலேயே வெடிக்கச் செய்வார்கள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1000 கிலோ குண்டைச் சுற்றி 400 டன் மணலைக் கொட்டி வெடிக்கச் செய்தும் அருகிலிருந்த வீடுகள் பழுதாயின. மனிதர் யாருக்கும் காயமில்லை. சத்தம் பெரிதாகக் கேட்கலாம் என்பதை முகாமில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முக்கியமாகப் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்து மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவர்களுக்கு. அந்தச் சத்தம் அவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும்.

"முடிந்தது" என்ற சொல் அதிகாரியிடமிருந்து வந்த பின், வெளியேறிய அதே வரிசையில் அல்ல, எல்லையோர வீடுகளில் தொடங்கி உள்நோக்கி மக்களை அனுப்புங்கள். குழி இருந்த வளவுக்கு மட்டும் யாரையும் விடாதீர்கள். கொலோனில் கிடைத்தவை மூன்று குண்டுகள், தங்கச்சிமடத்தில் பல பெட்டிகள். சுற்றியுள்ள மண்ணைக் கருவி வைத்து முழுமையாகச் சோதித்துவிட்டோம் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுக்கும் வரை, அங்கே மறுபடியும் கடப்பாரை இறங்காமல் கயிறு கட்டி ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள்.