தடங்கல் வரும் முன்பே ஒரு வரி

நீண்ட நாள் இலக்கு ஏதாவது இருந்தால், அதற்கு எது தடையாக வரும் என்று யோசித்து, ‘இப்படி ஆனால் இதைச் செய்வேன்’ என ஒரே வரியில் இன்றே எழுதி வையுங்கள். ‘களைத்துப்போய் வீடு திரும்பினால், உடை மாற்றியதும் 10 நிமிடம் மட்டும் படிப்பேன்’ என்பதுபோல. ‘விடாமல் முயல்வேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது; எப்போது, என்ன என்பது அதில் இல்லையே!

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் இதை விளக்கி எழுதினார்: சூழலையும் செயலையும் முன்பே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரம் வந்ததும் செயல் ஏறக்குறைய தானாகவே தொடங்கிவிடும். சோர்ந்திருக்கும்போது ‘செய்யலாமா, வேண்டாமா’ என்று மனதோடு வாதாட வேண்டியதில்லை.

ஒரே சமயத்தில் ஐந்தாறு இலக்குகளுக்கு எழுதினால் பலன் குறையும். அப்புறம், அந்த இலக்கின் மேலேயே விருப்பம் போய்விட்டது என்றால் இந்த வரி உதவாது.