முடிந்த கேமை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்? காத்திருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் வீடியோ கேம் விற்கும் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: “கேம் ரெடியாயிடுச்சாமே, அப்புறம் ஏண்ணா இன்னும் விட மாட்றாங்க?” கேட்பவருடைய அவசரம் நியாயமானது. மாதக்கணக்கில் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஆனால் ‘ரெடி’ என்ற செய்தியை நம்பி எடுக்கும் முடிவுகளில்தான் பலர் பணத்தையும் நிம்மதியையும் விடுகிறார்கள்.

ஒரு கேம் ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்று அறிவித்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். இதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கும் இதுதான் வேர். டிஸ்க்கில் பதிவதற்கான மாஸ்டர் பிரதி தயார் என்பதுதான் அதன் பொருள். அதற்கு முன்பே சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகிய மூவரும் தங்கள் கேம் கருவிகளுக்கு (கன்சோல்) வரும் கேம்களைத் தனித்தனியாகச் சோதித்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் கண்ட்ரோலரின் இணைப்பு போனால் என்ன ஆகிறது, சேவ் ஆகும்போது இடையில் நின்றால் என்ன ஆகிறது, இணையம் அறுந்தால் திரையில் என்ன செய்தி வருகிறது என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும். வயது வரம்புச் சான்றிதழ் வேறு இருக்கிறது: அமெரிக்காவில் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவில் பெகி, ஜப்பானில் செரோ. இதெல்லாம் தாண்டித்தான் டிஸ்க் அச்சாகி, பெட்டியில் அடைபட்டு, ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த வாரங்களில் கேமை உருவாக்கியவர்கள் சும்மா இருப்பதில்லை. வெளியாகும் நாளன்று நாம் இறக்கப்போகும் முதல் அப்டேட்டைத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.

சைபர்பங்க் 2077 இதற்கு மறக்க முடியாத பாடம். 2020 அக்டோபர் 5-ம் தேதி அது கோல்ட் ஆனதாக அறிவித்தார்கள். நவம்பர் 19 வெளியீடு. அக்டோபர் 27 அன்று, இன்னும் 21 நாள் வேண்டும் என்று டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். இணையம் கொதித்தது. உருவாக்கியவர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. கடைசியில் வெளிவந்தபோது பழைய பிளேஸ்டேஷன் 4-ல் ஆட முடியாத நிலை. டிசம்பர் 18 அன்று சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அது திரும்பி வர அடுத்த ஜூன் ஆனது. அந்த 21 நாள் அதிகம் என்று திட்டினோம். உண்மையில் அது போதவே இல்லை.

அதற்காக எல்லாத் தாமதமும் தரத்துக்காகத்தான் என்று நம்புவதும் தவறு. இதைப் புரிந்துகொள்ள நாம் வெளியே போக வேண்டாம், கோடம்பாக்கமே போதும். 2012-ல் எடுத்த ‘மதகஜராஜா’ 2025 பொங்கலுக்குத்தான் திரைக்கு வந்தது. படத்தில் இன்னும் வேலை பாக்கி இருந்ததாலா அத்தனை வருடம்? கேம் உலகில் அதற்கு இணையானது ஸ்டார் ஃபாக்ஸ் 2. 1990-களின் நடுவில் ஏறக்குறைய முழுமையாக உருவாகியிருந்த கேம் அது. ஆனால் புதிய தலைமுறைக் கருவிகள் கண்ணைப் பறிக்கும் முப்பரிமாணக் காட்சிகளோடு சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. சூப்பர் நிண்டெண்டோ என்ற பழைய கருவியின் கேம் அவற்றின் பக்கத்தில் எடுபடாது என்று நிண்டெண்டோ அதை முடக்கியது. 2017-ல், பழைய கருவியின் சிறிய பதிப்போடு சேர்த்துத்தான் அது வெளியுலகைப் பார்த்தது.

காரணம் வெறும் தேதியாகவும் இருக்கலாம். 2016-ல் டைட்டன்ஃபால் 2 அக்டோபர் 28 அன்று வந்தது. அதை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் பேட்டில்ஃபீல்ட் 1 ஒரு வாரம் முன்பு, போட்டி கேமான கால் ஆஃப் டியூட்டி ஒரு வாரம் பின்பு. நல்ல கேம், விமர்சகர்களும் பாராட்டினார்கள், விற்பனையில் நசுங்கியது. அன்று அதைச் சில மாதம் நிறுத்தி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது என்பது என் கருத்து. உலக நிலவரமும் குறுக்கே வரும். உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 ஏப்ரலில் வரவேண்டிய அட்வான்ஸ் வார்ஸ் என்ற போர் விளையாட்டை நிண்டெண்டோ ஓராண்டு தள்ளியது. கணக்கு முடிக்கும் மாதத்தையும் கவனியுங்கள். இஏ, யூபிசாஃப்ட், நிண்டெண்டோ எல்லோருக்கும் நம்மைப் போலவே நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. எந்த ஆண்டுக் கணக்கில் விற்பனை விழ வேண்டும் என்பதும் தேதியை நகர்த்தும்.

சரி, கையில் இருக்கும் பணத்துக்கு வருவோம். தேதியை நம்பிக் கடைக்காரரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், தேதி தள்ளிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் முன்பதிவு செய்தால், வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். புதுக் கேமுக்காக அலுவலகத்தில் லீவு போடுபவர்கள் வெளியாவதற்கு முந்தைய வாரம் வரை பொறுத்துப் போடுவது நல்லது.

கசிந்த பிரதியைத் தேடிப் போவதும் வேண்டாம். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தால் டிஸ்க்குகளை அனுப்ப வழியில்லாமல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 என்ற கேம் நின்றிருந்த நேரத்தில் அதன் கதை வெளியே கசிந்தது. பல வருட உழைப்பின் முக்கியத் திருப்பங்கள், வெளியீட்டு நாளான ஜூன் 19-க்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டன. அதில் வேலை செய்தவர்களை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. நம் ஊரிலேயே வெளிநாட்டு கேம்களுக்கு ஓவியம், அனிமேஷன், சோதனை என்று வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கேம் வெளிவரும் வரை, தான் செய்ததைக் காட்டி அடுத்த வேலை தேடக்கூட ஒப்பந்தம் பொதுவாக இடம் தராது. தாமதத்தில் அதிகம் தவிப்பவர்கள் அவர்கள்தான். தேதியை முடிவு செய்வதோ பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடும் நிறுவனம். திட்டு மட்டும் இவர்களுக்குப் போகிறது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது வேறொரு தவறு. சொந்தமாகக் கேம் செய்யும் சென்னைப் பிள்ளைகள் பலர், முடித்த அன்றே வெளியிட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டீமில் 100 டாலர் கட்டணம் கட்டியபின் 30 நாள் காத்திருந்தே ஆகவேண்டும், ‘விரைவில்’ என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். அது வெறும் குறைந்தபட்சம். உங்களை யாருக்கும் தெரியாத நிலையில், ‘வந்ததும் வாங்கலாம்’ என்று உங்கள் கேமைக் குறித்து வைப்பவர்களின் விஷ்லிஸ்ட்தான் உங்கள் முதல் கூட்டம், அது சேர மாதங்கள் வேண்டும். பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற இணைய விழாவில், வெளிவராத கேம்களின் டெமோக்களை (ஆடிப் பார்க்கும் மாதிரிப் பதிப்புகளை)த்தான் காட்டுவார்கள். ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டால் அதுவும் போச்சு. 2025-ல், பலரும் வருடக்கணக்கில் எதிர்பார்த்திருந்த சில்க்சாங் என்ற கேம் செப்டம்பர் 4 அன்று வருகிறது என்று இரண்டு வாரம் முன்பு அறிவித்ததும், முடிந்த கேம்களைக் கையில் வைத்திருந்த சிறு குழுக்கள் சட்டென்று தங்கள் தேதியை மாற்றிக்கொண்டன. அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். கேம் பாதியில் இருக்கும்போதே ஸ்டீம் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். டெமோவைத் தெரியாதவர்கள் கையில் கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பாருங்கள். தேதியை மட்டும் கடைசியாக அறிவியுங்கள்.