படகை ஆட்டினால் டிரெய்லரும் ஆட வேண்டும்: பெல்ட் கட்டும் முறை

படகை டிரெய்லரில் ஏற்றி, முன்னால் வின்ச் (கைப்பிடியைச் சுற்றிப் படகை இழுக்கும் கருவி) பெல்ட்டை இறுக்கிவிட்டால் போதும் என்றுதான் முதல் ஒரு வருடம் நினைத்திருந்தேன். ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் பலத்த சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் படகின் பின்பகுதி தாங்குபலகையை விட்டு ஒரு சாண் விலகிச் சரிந்திருந்தது. வின்ச் பெல்ட் விறைப்பாக அப்படியே இருந்தது. பின்னால் வந்த வண்டி இடைவெளி விட்டு வந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. அன்றே கட்டும் முறையை மாற்றிக்கொண்டேன்.

டிரெய்லரை வண்டியில் மாட்டுவதும் படகை ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு கட்டும் வேலைக்கு வருகிறேன். படகின் முன்முனையை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்கிறேன்.

பிரேக் போட்டால் படகு முன்னால் போகப் பார்க்கும். மேடு ஏறும்போது பின்னால் இழுக்கும். குழியில் விழுந்தால் மேலே துள்ளும். வளைவில் பக்கவாட்டில் சரியும். நீங்கள் போடும் ஒவ்வொரு கட்டும் இந்த நான்கில் எதைத் தடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே கட்டுங்கள். வின்ச் பெல்ட் தடுப்பது பின்னால் போவதை மட்டும்தான்.

1. அணியம்

அணிய வளையத்தில் வின்ச் கொக்கியை மாட்டி, படகின் மூக்கு டிரெய்லரின் முன்னாலுள்ள ரப்பர் முட்டில் நன்றாகப் பதியும் வரை சுற்றுங்கள். இரண்டு விரல் இடைவெளி இருந்தால்கூட பிரேக் போடும்போது படகு ஓடிவந்து மோதும். தண்ணீரில் முட்டிக்கொண்டிருந்த மூக்கு கரை ஏறியதும் விலகி நிற்கிறதா? டிரெய்லரைத் தண்ணீருக்குள் அதிக ஆழம் இறக்கிவிட்டீர்கள். கரையில் வைத்து வின்ச்சால் மல்லுக்கட்டாமல் மறுபடி இறக்கி, ஆழத்தைக் குறைத்து ஏற்றுங்கள்.

வின்ச் இழுப்பதற்கான கருவி. பயணம் முழுக்கப் படகைப் பிடித்துவைக்கும் வேலையை அதை மட்டும் நம்பி விடக் கூடாது. அதே அணிய வளையத்திலிருந்து டிரெய்லர் சட்டத்துக்குத் தனியாக ஒரு சங்கிலி போடுங்கள். வின்ச் பல் நழுவினாலும் பெல்ட் அறுந்தாலும் சங்கிலி தாங்கும். அணியம் துள்ளாமலிருக்க, வளையத்திலிருந்து கீழ்நோக்கிச் சற்றுப் பின்சாய்வாகச் சட்டத்துக்கு இன்னொரு பெல்ட்டும் கட்டுகிறேன். பிரேக் போடும்போது முன்னால் பாய்வதையும் அது தடுக்கும்.

2. அமரம்

நான் தவறவிட்டது இதைத்தான். அமரத்தின் இரு வளையங்களுக்கும் தனித்தனியாக இரண்டு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை முன்னும் பின்னும் அடித்து இறுக்கும் பெல்ட்) வேண்டும். ஒரே பெல்ட்டை இரண்டிலும் கோத்துக் கட்டினால், அது அறுந்த நொடியில் இரு பக்கமும் போய்விடும். கீழ்க்கொக்கியை டிரெய்லரின் முதன்மைச் சட்டத்தில் மாட்டுங்கள். மட்கார்டு, விளக்குத் தாங்கியெல்லாம் வேண்டாம்.

இனி ராட்செட். அதன் நடு உருளையில் ஒரு பிளவு இருக்கும். பெல்ட்டின் நுனியை அதற்குள் விட்டு, வந்த பக்கமே திருப்பி எடுத்து, தொய்வு முழுவதையும் முதலில் கையால் இழுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கைப்பிடி. உருளையில் இரண்டு மூன்று சுற்று விழுந்தால் போதும். அதற்குக் குறைந்தால் நழுவும். நான் தொய்வை எடுக்காமல் கைப்பிடியை அடித்துக்கொண்டே போனேன். பெல்ட் உருண்டையாகச் சுற்றிச் சிக்கி, கடைசியில் கத்தியால்தான் அறுக்க வேண்டியிருந்தது. விளிம்பு கோணாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அவிழ்க்க, உள்நாக்கை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியை முழுக்கத் தட்டையாகத் திறக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? அமரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டிரெய்லரும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஆடினால் சரி. படகு மட்டும் தனியாக ஆடினால் இன்னும் தொய்வு இருக்கிறது. ஃபைபர் படகை அதற்கு மேல் இறுக்காதீர்கள், மேற்பூச்சு விரிசல் விடும். மிச்ச நுனியை முடிந்துவிடுங்கள். காற்றில் அடித்தே நைந்துபோகும்.

3. எந்த பெல்ட்?

நான் வாங்குவது பாலியஸ்டர் மட்டும். நைலான் நனைந்தால் நீளும். காலையில் விறைப்பாகக் கட்டியது மழைக்குப் பின் தொங்கும். லேபிளில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் அறுபடும் சுமை. பாதுகாப்பாகத் தாங்கும் சுமை வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கு. 1,500 கிலோ என்று பார்த்து வாங்கினால் நம்பக்கூடியது 500 கிலோதான். அமரத்தின் இரண்டு பெல்ட்டின் பாதுகாப்புச் சுமையைக் கூட்டினால், படகு, இன்ஜின், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடைக்குக் குறையக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. கொக்கிக்கு அதன் வாயை மூடும் தாழ்நாக்கு அவசியம். திறந்த கொக்கி ஒரு துள்ளலில் கழன்றுவிடும்.

4. கிளம்பும் முன்

அடியிலுள்ள வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். உள்ளே 100 லிட்டர் தேங்கியிருந்தால் 100 கிலோ கூடுதல் எடை, அதுவும் அலம்பும் எடை. அமரத்தின் வெளியே மாட்டிய அவுட்போர்டு இன்ஜினைத் தூக்கி வைத்தால் அடியில் தாங்குகோல் கொடுங்கள். கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். படகு பலகையில் அமர்ந்ததும் பெல்ட் தளர்வது இயல்பு.

பின்சேர்க்கை

வேகத்தில் பெல்ட் உறுமுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். படகுக்கு மேல் குறுக்கே போகும் நீளமான பெல்ட்டில்தான் இது வரும். கட்டும்போது ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் நின்றுவிடும். படகின் விளிம்பில் உரசும் இடத்தில் தடித்த துணி வையுங்கள்.

இன்னொருவர், தாங்குபலகைக்குப் பதில் உருளை வைத்த டிரெய்லரில் எந்தக் கட்டை முதலில் அவிழ்ப்பது என்று கேட்டிருந்தார். கரையிலேயே அமர பெல்ட்களையும் அணியத்தின் கீழ்க்கட்டையும் எடுத்துவிடுங்கள். சங்கிலியும் வின்ச் கொக்கியும் அமரம் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வரை இருக்கட்டும். முன்கூட்டியே கழற்றினால் படகு சரிவில் உருண்டு கான்கிரீட்டில் விழும்.