‘ஐ ஆம் ஸ்கேரி’ என்ற சீன மாணவரைத் திருத்திய விதம்

மாண்டரின் சீன மொழியில் ‘பா’ என்ற ஒரே வினை பயம், கவலை, தாங்க முடியாமை எல்லாவற்றையும் சுமக்கிறது. சீன மாணவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுவது இதனால்தான்.

‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல நினைக்கும்போது அதிகம் கேட்கும் பிழை ‘ஐ ஆம் ஸ்கேரி’. ‘என்னைப் பார்த்தால் பிறர் நடுங்குவார்கள்’ என்று பொருளாகிவிடும்! விதியை விளக்கிப் பயனில்லை. அவர்கள் மொழியிலேயே இருக்கும் ஜோடியோடு கோர்த்துவிட்டேன்: பயப்படுபவர் ‘ஹாய்பா’, எனவே ‘ஸ்கேர்ட்’, பயமூட்டுவது ‘கபா’, எனவே ‘ஸ்கேரி’. பிழை வெகுவாகக் குறைந்தது.

வெப்பம் தாங்காது என்று சொல்லும் ‘பா ரெ’ என்பதை ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஹாட்’ என்பார்கள். அங்கே பயமே இல்லை. ‘கான்ட் ஸ்டாண்ட் த ஹீட்’ போதும். ‘பா’ சேர்ந்த இன்னொரு சொல்லான ‘கோங்பா’ மட்டும் அதிர்ஷ்டம்: கெட்ட செய்தியை மென்மையாகச் சொல்லும் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ கச்சிதமாகப் பொருந்தும்.

‘அஃப்ரெய்ட்’ பெயர்ச்சொல்லுக்கு முன் வராது. ‘அஃப்ரெய்ட் சைல்ட்’ தவறு, ‘ஃப்ரைட்டன்ட் சைல்ட்’ சரி.

‘டிரெட்’ என்ற ஆங்கில வினை, வரவிருப்பதை நினைத்து முன்கூட்டியே மனம் கலங்குவது. திடீரெனப் பாம்பைக் கண்டால் அது பொருந்தாது. நாளைய தேர்வுக்குப் பொருந்தும். பின்னால் வரும் வினைக்கு ‘இங்’ சேருங்கள்: ‘ஐ டிரெட் கோயிங்’. ‘ஐ டிரெட் டு திங்க்’ வழக்கில் நிலைத்த விதிவிலக்கு.