ஆளுயரச் சிலைக்குப் பீடம் வேண்டுமா? வீட்டில் நிறுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்பட, காமிக்ஸ் கதாபாத்திரம் ஒன்றின் ஆளுயரச் சிலையை வீட்டில் நிறுத்த விரும்புவோர், பீடத்தோடு வாங்குவதா, தரையிலேயே கால் ஊன்றி நிற்பதுபோல் பீடமின்றி வாங்குவதா என்பதை அழகு சார்ந்த கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விற்பனையாளர் அனுப்பும் படத்தில் எது எடுப்பாகத் தெரிகிறதோ அதையே தேர்ந்தெடுத்தும் விடுகிறார்கள். சென்னை அடுக்ககம் ஒன்றில் இதைத் தீர்மானிக்க வேண்டியவை தரையும், மின்விசிறியும், அன்றாடம் வீடு துடைக்கும் தண்ணீரும்தான். சுவரோடு பிணைக்க வழியிருந்தால் மட்டுமே பீடமில்லாச் சிலையை வாங்கலாம். மற்றவர்களுக்குப் பீடமே பாதுகாப்பானது. பீடத்துக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு.

முதல் தவறு, சிலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பீடத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. ஆறேகால் அடி உயர நாயகன் ஒரு கையை நேராக மேலே தூக்கி நின்றால் விரல் நுனி எட்டடியைத் தாண்டும். அதற்கடியில் ஆறு அங்குலப் பீடம் சேர்ந்தால் எட்டரை அடியைக் கடந்துவிடும். நம் கூடங்களில் கூரையின் உயரம் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை அடிதான். மின்விசிறியின் இறக்கைகள் அதிலிருந்து ஏறத்தாழ ஓரடி கீழே சுழல்கின்றன. ஃபால்ஸ் சீலிங் அடித்த வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் குறுகும். வழக்கமான மின்விசிறியின் வீச்சு 1200 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து இரண்டடித் தொலைவுவரை இறக்கை வரும் என்பதால், கை, வாள், இறகு, மேலங்கி என எதுவும் அந்த வட்டத்தின் பக்கமே வராத இடமாகப் பார்க்க வேண்டும். கோடையில் மின்விசிறியை நிறுத்திவைப்பது சென்னையில் நடக்கிற காரியமன்று. மேலும், உயர்ந்த பீடத்தில் ஏறிய சிலை நம் கண்மட்டத்துக்கு மேலே போய்விடுவதால், ஒரு மனிதர் எதிரே நிற்பது போன்ற உணர்வு, அதாவது இவ்வளவு செலவழித்து வாங்கியதன் பயனே, பாதியாகக் குறைந்துவிடுகிறது. நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட பீடம் வீட்டுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. பீடம் அகலமாக இருக்கட்டும். உயரமாக இருக்க வேண்டியதில்லை.

அகலம் ஏன் முக்கியம் என்பதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். ஆறடிச் சிலையின் எடைமையம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 39 அங்குலத்தில் இருப்பதாகக் கொள்வோம். பாதத்தின் நீளம் பத்து அங்குலம் எனில், முன்பக்கமாக ஏழெட்டு டிகிரி சாய்ந்தாலே எடைமையம் பாதத்தைத் தாண்டிச் சிலை கவிழ்ந்துவிடும். தலைப்பகுதியை ஒன்பது அங்குலம் முன்னால் இழுத்தாலே போதும், ஒரு குழந்தை மேலங்கியைப் பிடித்துத் தொங்கினால் அதற்குமேல் நகரும். இரண்டரை அடி அகலப் பீடத்தில் அதே சிலையை இறுக்கினால் இருபது டிகிரிக்கு மேல் சாயும்வரை தாங்கும். ஃபைபர் சிலைகள் உள்ளே வெற்றிடமானவை; கணுக்காலில் சுவர் மெலிந்தும், தோள், தலைக்கவசம், ஆயுதம் என மேல்பகுதி பருத்தும் இருப்பதால், உண்மையில் எடைமையம் இன்னும் மேலே போயிருக்கவே வாய்ப்பு அதிகம். பீடமில்லாமல் நீண்டகாலம் நிற்கும் சிலையில் முதலில் விரிசல் காணும் இடமும் அந்தக் கணுக்கால்தான். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறதா என்று வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது பெரும் பிழை.

தரை மட்டமாக இருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. கழுவி விடுவதற்காகப் பால்கனித் தரையும், பழைய வீடுகளில் கூடத்தின் தரையுமேகூட ஒரு பக்கம் சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை இரண்டு திசைகளிலும் வைத்துப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். பீடமில்லாச் சிலையைத் தரையில் துளையிட்டு இறுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: டைல்ஸ் கீறும், வாடகை வீடானால் உரிமையாளரோடு வழக்கும் வரும். இடுப்புக்கு மேலே, முதுகுப்புறத்தில், ஆடை மறைக்கும் இடத்தில் ஒரு வளையம் பொருத்தி, அதைச் சுவரிலுள்ள கொக்கியோடு எஃகுக் கம்பியால் பிணைப்பதே சரி. அந்தச் சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா, எடை குறைந்த ஏஏசி கல்லா என்பதைப் பொறுத்துக் கொக்கிக்காகச் சுவரில் செருகும் பிளக் மாறும். ஜிப்சம் தடுப்பில் அடித்த கொக்கியும், ஒட்டுப்பட்டையில் தொங்கும் கொக்கியும் இந்த வேலைக்கு உதவா.

தளம் தாங்குமா என்று பலர் அஞ்சுகிறார்கள். ஃபைபர் சிலைக்கு அந்த அச்சம் தேவையில்லை. குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கிட்டுத்தான் இந்தியத் தர விதி ஐஎஸ் 875 தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது. கல்பொடி கலந்த பாலிஸ்டோனில் வார்த்த சிலையானால் மட்டும் எடையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பீடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மாப்தான். இறக்குமதிப் பீடங்கள் சிலவற்றின் உட்பகுதி மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையால் ஆனது. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் வீட்டில் அதன் விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பிப் பெயர்ந்துவிடும். பீடம் உப்பினால் சிலையும் சாயும். பீடத்தின் அடியில் அரை அங்குல ரப்பர் கால்கள் பொருத்தி, விளிம்புகளை எபாக்சி பூசி அடைத்துவிட்டால் இது நேராது. புதிதாகப் பீடம் செய்பவர்கள் ஈரம் தாங்கும் மெரைன் பிளைவுட்டும் நடுவே இரும்புத் தகடும் கேளுங்கள். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் திரைப்பட அரங்குப் பொருள்கள் செய்யும் கைவினைஞர்களுக்கு இது பழகிய வேலை.

ஈரக்காற்று சிலையின் ஆடையையும் விடாது. பாலியூரிதேன் ரெக்சினால் ஆன அங்கிகள் காற்றின் ஈரத்தோடு வேதிவினை புரிந்து சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் திருகாணிகளும் துருப்பிடிக்கும். பூச்சிக்கு அஞ்சி உள்ளே பாச்சை உருண்டை போடுவது உதவியாகத் தோன்றினாலும், நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும் என்பதால் தவிர்க்க வேண்டும். மேற்குச் சன்னலின் வெயிலில் நிறுத்தினால் வண்ணம் வெளுக்கும், ரெசின் மஞ்சள் பாயும். சிலிகோன் முகத்தில் எண்ணெயோ வாசலினோ தடவித் துடைக்கக் கூடாது. சிலிகோனில் தூசு எளிதில் ஒட்டும்; அதைப் போக்க மென்மையான தூரிகையும், சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் போதும். கொலுப் பொம்மைகளைப்போல் ஒன்பது நாள் வைத்துவிட்டுத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்ற முடியாத பொருள் இது. ஆண்டு முழுவதும் தூசு தட்டும் பொறுப்பு யாருடையது என்பதையும் வாங்குமுன் வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.

கண்ணிலும் மார்பிலும் விளக்கெரியும் சிலையை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால், அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதா என்று அதன் மீது அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே செருக வேண்டும். 110 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது என்றால் நம் 230 வோல்ட்டில் அந்த நொடியே கருகிவிடும். மரப்பெட்டியோடு மாடி ஏற்ற முயல்வதும் வீண் முயற்சி: மேற்கு மாம்பலத்துப் பழைய அடுக்ககங்களின் திரும்பு படிக்கட்டில் ஏழடிப் பெட்டி வளையாது. கீழேயே பெட்டியைப் பிரித்துத் தலையையும் கைகளையும் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியின் எதிரே சிலையை நிறுத்தாதீர்கள். நள்ளிரவில் எழும் முதியவர் இருட்டில் ஓர் ஆள் நிற்பதைக் கண்டு தடுமாறி விழுந்தால், அது வேடிக்கை அல்ல. வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்போர் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையையும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே மின்இணைப்பைப் பீடத்தின் அடியில் கொடுக்காமல் இடுப்புயரச் சுவர்ப் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். உள்ளே வெற்றிடமான ஃபைபர் சிலை நீரில் மிதந்து கவிழும் என்பதால், பீடம் இருந்தாலும் சுவர்க் கொக்கியும் கட்டாயம்.