கையைச் சாய்த்து ஒலியை மாற்றலாம்: ஆர்டுயினோவில் ஓர் எளிய அசைவுக் கருவி

வயலின்காரரின் வில் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டே கேட்பது தனிச் சுகம். லேப்டாப்பில் வாசிக்கும்போது அது கிடைப்பதில்லை. இதற்காகவே டச்சு இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் 1984-லேயே, ஆம்ஸ்டர்டாமில், சென்சார்கள் பொருத்திய 'தி ஹேண்ட்ஸ்' கருவியை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு வாசித்தார். அதன் சின்ன வடிவம் ஒன்றை நாமும் செய்யலாம்.

முதலில் பொருட்கள்: ஆர்டுயினோ லியோனார்டோ (நாமே புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), சாய்வை அளக்க உதவும் எம்பியூ-6050 சென்சார் உள்ள ஜிஒய்-521 பலகை, நான்கு ஜம்பர் வயர்கள், நீளமான யூஎஸ்பி கேபிள். யூனோ வேண்டாம், லியோனார்டோவைத்தான் கணினி நேரடியாக மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) கருவியாக ஏற்கும்.

அடுத்து இணைப்பு. சென்சார் பலகையின் விசிசி லியோனார்டோவின் 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு, எஸ்டிஏ 2-ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் 3-ஆம் பின்னுக்கு. பின்களைக் கட்டாயம் சால்டர் செய்யுங்கள். துளையில் சும்மா சொருகி வைத்தால் கை அசையும்போது தொடர்பு விட்டுவிட்டுப் போகும். சென்சார் பலகையைப் புறங்கையில் வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

இனி புரோகிராம். ±2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) வரம்பில் சென்சாரின் எக்ஸ் அச்சு எண்ணை, ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் ஜன்னலில் பாருங்கள். கை சமமாக இருந்தால் சுமார் 0. செங்குத்தாகத் தூக்கினால் சுமார் 16384. குறி எதிராக வந்தால் பலகையைத் திருப்பிக் கட்டுங்கள். கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் எண்கள் நடுங்கும், அப்படியே அனுப்பினால் ஒலியும் நடுங்கும். அதனால் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்து, பழைய மதிப்பில் ஒன்பது பங்கும் புதியதில் ஒரு பங்கும் சேருங்கள். கொஞ்சம் தாமதம் வரும்; ஒலியின் பளிச்சென்ற தன்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கு அது அழகு, டிரம் அடிக்க உதவாது. இதைச் செய்த பிறகே 0 முதல் 127 வரை சுருக்குங்கள். வரிசை மாறினால் முழு எண் கணக்கில் மதிப்பு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். எதிர்மறை எண்களை 0 ஆக்கி, மதிப்பு மாறும்போது மட்டும் மிடியூஎஸ்பி லைப்ரரி வழியாக சிசி 74 (மிடியின் 74-ஆம் எண் கட்டுப்பாட்டுச் செய்தி) ஆக அனுப்புங்கள்.

இசை மென்பொருளான ஏபிள்டன் லைவின் மிடி அமைப்பில் லியோனார்டோவுக்கு 'ரிமோட்'டை ஆன் செய்யுங்கள். நீண்டு ஒலிக்கும் 'பேட்' வகை ஒலி ஒன்றை எடுத்து, மிடி மேப்பை அழுத்தி, ஃபில்டரின் ஃப்ரீக்வென்சியைத் தொட்டு, கையைச் சாய்த்தால் சரி, இணைந்துவிடும்.

30 டிகிரியிலேயே மதிப்பு பாதியைத் தொட்டுவிடும், ஆகவே முதல் சாய்வை நிதானமாகப் பழகுங்கள். இந்த ஒரு அசைவு கைக்குப் பழகும்வரை இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். எல்லாம் சேர்ந்து மாறினால் எந்த அசைவு எந்த ஒலி என்று பார்ப்பவருக்குப் புரியாது. அப்புறம் ஒய் அச்சை ரிவெர்பில் (எதிரொலி விளைவில்) இணைக்கலாம். இணைக்கும் நேரத்தில் மட்டும் எக்ஸை அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் லைவ் அதையே பிடித்துக்கொள்ளும்.