தங்கமா, வெள்ளியா? கடைக்குக் கிளம்பும் முன்

சென்னை தி.நகரின் நகைக்கடை வீதியான உஸ்மான் சாலையில் இறங்கிய பிறகு யோசித்தால் தாமதம்தான். வீட்டிலேயே ஒன்றைத் தீர்மானியுங்கள்: வாங்கப்போகும் நகை உடம்பைவிட்டு இறங்குமா, இறங்காதா?

தாலி, மூக்குத்தி, கழற்றாத தோடு இவற்றுக்குத் தங்கம். சென்னை வேர்வையில் தினமும் ஊறினால் வெள்ளி கறுத்துவிடும். வேர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கருப்புப் படலமாகிறது, ஈரக்காற்று அதை வேகப்படுத்துகிறது. கூவம் பக்கம் குடியிருந்தால் பீரோவில் சும்மா கிடக்கும் வெள்ளிகூடத் தப்பாது.

கொலுசும் மெட்டியும் வெள்ளிதான். வழக்கம் ஒருபுறம் இருக்கட்டும், தரையில் உரசி உரசித் தேய்கிற இடத்தில் தங்கத்தைப் போட்டால் தேய்வது பணம்.

அடுத்தது கணக்கு. 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் செயின். சேதாரம் 12 சதவீதம் என்றால் 8.96 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள்: 89,600. ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்தால் 92,288. அதற்குள் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 80,000 மட்டுமே. படி இறங்கியதுமே 12,288 போச்சு. வேலைப்பாடு கூடக்கூடச் சேதாரமும் ஏறும். அதனால் ஒரு கிராமுக்குள் மெல்லிசாக, உள்ளே பொள்ளலாகச் செய்த தோட்டைச் சேமிப்பு என்று சொல்லி வாங்காதீர்கள். நசுங்கினால் சரிசெய்வதும் கஷ்டம். அந்த இடத்தில் 925 வெள்ளி, அதாவது 92.5 சதவீதம் சுத்த வெள்ளி, எவ்வளவோ மேல்.

கல் வைத்த நகையில் கல் எடை கழித்துத்தான் பில் போட வேண்டும். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். வைரம் பதிக்க 22 காரட் ரொம்ப மிருது, பிடி விரிந்து கல் விழும். 18 காரட் கேளுங்கள், முத்திரை 750 என்றிருக்கும். 22 காரட்டுக்கு 916. ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் பொறித்திருக்கும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான அதன் பெயர் எச்யூஐடி. அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே, பணம் கட்டுவதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள்.

வெள்ளியில் ஏமாறும் இடம் வேறு. கொலுசுக்கு ‘டச்’ எவ்வளவு என்று கேட்காமல் வாங்கக் கூடாது. 75 டச் என்றால் 100 கிராம் கொலுசில் வெள்ளி 75 கிராம்தான், மிச்சமெல்லாம் செம்பு போன்ற வேறு உலோகம். திருப்பிக் கொடுக்கும்போது அந்த 75-க்குத்தான் விலை, அதிலும் கழிவு போகும். டச்சைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை அன்றைக்குச் செல்லாது.

வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரிலும் கந்தகம் உண்டு. காற்றுப் புகாத ஜிப் கவரில் வையுங்கள். கறுத்துவிட்டால் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அரை லிட்டர் கொதிக்கும் நீரும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் விட்டு, ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். நகை தாளைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், தொடாவிட்டால் கறுப்பு போகாது. முத்து, கல், வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு வேலைப்பாடு உள்ளவற்றை மட்டும் இதில் இறக்காதீர்கள்.